எஸ்தர் ஒளித்த டப்பா

எஸ்தர் திருடவில்லை. அவள் திருடி என்று சொன்னவள் நான். அது பொய் என்று தெரிந்த பிறகும் வாய் திறக்காதவளும் நானே!

நான் கால்நடை மருத்துவர். செங்கல்பட்டில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கிறேன். மேற்படிப்புக்காக ஓர் ஆய்வு செய்தேன். பிறந்த நாய்க்குட்டிகளின் தைமஸ் சுரப்பியை ஸ்கேன் கருவியால் தினமும் அளப்பதுதான் அந்த ஆய்வு. நெஞ்சுக்குள், இதயத்துக்குச் சற்று முன்னே இருக்கும் மெல்லிய சுரப்பி அது. நோயை எதிர்க்கும் அணுக்கள் முதிர்வது அங்கேதான். பட்டினி கிடந்தாலும், உடல் வதைபட்டாலும் அது சுருங்கிவிடும்.

முட்டுக்காட்டுக்கு அருகே ஒரு நாய்ப் பண்ணை. அங்கே ஒரு லாப்ரடார் ஆறு குட்டிகள் போட்டிருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ளப் படூரிலிருந்து வந்துகொண்டிருந்தவள் எஸ்தர். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். தாய்ப்பால் போதாத குட்டிகளுக்குப் புட்டியில் பால் பவுடர் கரைத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான்.

முதல் நாளே அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: “என்னைக் கேட்காம குட்டிங்ககிட்ட புதுசா எதுவும் செய்யக்கூடாது.” தலையாட்டினாள்.

நான்காம் நாள் கருவியின் திரையில் ஒன்று கண்டேன். இரண்டு குட்டிகளின் தைமஸ் சுருங்கியிருந்தது. மீண்டும் அளந்தேன். சந்தேகமே இல்லை! மறுநாள் மூன்றாவது குட்டிக்கும் அதே கதை.

ஏன்? யார்? என் மனம் உடனே ஓர் ஆளைத் தேடியது... என்னைத் தவிர மற்ற எல்லோரையும் தேடியது.

அன்று மதியம் எஸ்தர் முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி குட்டிகளின் கொட்டகைப் பக்கம் போவதைப் பார்த்தேன். பால் பவுடர் டப்பா! என்னைக் கண்டதும் திடுக்கிட்டாள். “இன்னா எஸ்தர் அது?” என்று அவள் பேச்சிலேயே கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா, காலி டப்பா” என்று விலகிப் போனாள். காலி டப்பாவை யார் ஒளிப்பார்கள்? நீங்களாயிருந்தால் நம்பியிருப்பீர்களா?

நான் நம்பவில்லை. பாலைக் கடத்துகிறாள், குட்டிகள் பட்டினி கிடக்கின்றன என்று முடிவு கட்டினேன். பண்ணைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். “ஸ்கேன் பொய் சொல்லாது சார்” என்றேன். எவ்வளவு நிமிர்ந்து சொன்னேன்!

“எனக்கும் அவ மேல ஒரு கண்ணு இருந்துச்சு டாக்டர்” என்றார் அவர். அவருக்கும் சந்தேகத்துக்கு ஒரு சாக்குத் தேவைப்பட்டது போலும்.

எஸ்தரைக் கூப்பிட்டுத் திட்டி, அன்றோடு வேலையை விட்டு நிறுத்தினார். அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். “குட்டிங்க ஒடம்பு சில்லுனு கீதும்மா. ஸ்கேன் முடிஞ்சதும் சீக்கிரம் தாய்கிட்ட வுட்ருங்க” என்றாள். குற்றத்தை மறைக்கப் பேச்சை மாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் போன இரண்டாம் நாள் ஒரு குட்டி இறந்தது.

குட்டிகள் படுக்கும் பெட்டியைச் சுத்தம் செய்யத் துணிகளை விலக்கினேன். மூலையில், பழைய துண்டில் சுற்றிய டப்பா ஒன்று இருந்தது. திறந்தேன். உள்ளே பால் இல்லை. தண்ணீர்... ஆறிப்போன தண்ணீர்.

வெந்நீர் ஊற்றி, குட்டிகளின் பக்கத்தில் வைத்திருக்கிறாள். என் தடைக்குப் பயந்துதான் ஒளித்திருக்கிறாள்!

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். கருவி சூடாகாமலிருக்க ஏசி போட்ட அறை. ஒவ்வொரு குட்டியின் நெஞ்சிலும் ஸ்பிரிட்டு, அதன் மேல் சில்லென்ற ஜெல். தெளிவான படம் கிடைக்கும்வரை அரை மணி நேரம், தாயின் சூடு இல்லாமல்... பிறந்த குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. இதை எத்தனை பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

அடுத்த ஈற்றில் ஏசியை அணைத்தேன். ஜெல்லை வெதுவெதுப்பாக்கினேன். தாயின் மடியருகிலேயே வைத்து அளந்தேன். ஒரு தைமஸும் சுருங்கவில்லை. போதுமா சான்று?

பண்ணைக்காரரிடம் சொன்னேனா? இல்லை. ஆய்வேட்டில் அந்தக் குட்டிகளைப் பற்றி என்ன எழுதினேன் தெரியுமா? ‘பராமரிப்பாளரின் கவனக்குறைவு.’ அந்தச் சொற்களோடுதான் எனக்குப் பட்டம் கிடைத்தது.

போன வருடம் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நாய்க்கு ஊசி போடப் போயிருந்தேன். வாசலில் காவலாளி ஒரு பெண்ணின் பையைக் கொட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். எஸ்தர்! அங்கே வீட்டுவேலை செய்கிறாளாம். “பண்ணையில இவ பேரு கெட்டுப்போச்சு மேடம். அதான் தினம் செக் பண்றோம்” என்றார் காவலாளி, அவள் காதுபடவே.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும். நானோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

சிதறிய பொருள்களைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்தர் நிமிர்ந்தாள். “டாக்டரம்மா! நல்லாகீறீங்களா? அந்தக் குட்டிங்க எல்லாம் பொழைச்சுக்கிச்சா?”

“பொழைச்சுக்கிச்சு” என்றேன்.

அவள் சிரித்தாள். நம்பித்தான் சிரித்தாளா, இல்லை, எல்லாம் தெரிந்து சிரித்தாளா... இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.