முதுகில் ஏழு வட்டம்

ரத்தம் எடுத்துக்கொள்ளப் போன இடத்தில், "எடுக்கிற அளவுக்கு ஒங்க ஒடம்புல ரத்தம் இல்லக்கா, போயிட்டு வாங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறியிருந்தேன். ஆடிப்பூரத் தேர் நெருங்கிவிட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் இந்தப் பதில்.

நான் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் பவர் மிஷின் ஓட்டுகிறவள். பதினாறு வருஷமாக. குனிந்த தலை நிமிராத பொம்பளை என்று சொல்வார்களே, அது நாங்கள்தான். அடக்கத்தினால் அல்ல, மிஷினால். கழுத்தில் தொடங்கித் தோள்பட்டை வழியாக முழங்கை வரைக்கும் வலி இறங்கி, கடைசியில் தலை சீவக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போய்விட்டது. மாத்திரை, ஊசி, கழுத்துப் பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர், "வேலைய விட்ருங்க, சரியாயிரும்" என்றார். அவருக்குக் கழுத்து வலித்தால் அவர் வேலையை விடுவாரா என்று கேட்க நினைத்தேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

ஹிஜாமாவைப் பற்றிச் சொன்னது எனக்குப் பக்கத்து மிஷினில் உட்காருகிறவள். அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். "முதுகுல கப்ப வச்சுக் காத்த உறிஞ்சி, லேசாக் கீறி, தேங்கிக் கெடக்குற ரத்தத்த எடுப்பாவ. எங்க சித்திக்கு முட்டி வலி கொறஞ்சிருக்கு" என்றாள். வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மாட்டுக்கே இப்பம்லாம் ஊசிதான் போடுதான். நீ போயி முதுகக் கீறிட்டு வரப் போறியாக்கும்?"

"எம் முதுகுதான?" என்றேன்.

அங்கே வைத்தியம் பார்க்கிறவர் என்னைவிடச் சின்னவர். முஸ்லிம் வீட்டுப் பெண், யுனானி படித்துப் பட்டம் வாங்கினவர். வீட்டின் முன்னறைதான் ஆஸ்பத்திரி. உட்கார்ந்ததுமே சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறேனா, மாதவிலக்கு எப்படி என்று வரிசையாகக் கேட்டார். மாசா மாசம் எட்டு நாள் போகும் என்றேன். கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். தெருமுனை லேபுக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் எட்டு என்று சீட்டு வந்தது.

"இத வச்சிக்கிட்டு நான் ஒங்களக் கீறுனா, நான் வைத்தியம் பாக்கத் தகுதி இல்லாதவ. கவர்மென்ட் ஆஸ்பத்திரில காட்டுங்க. இரும்புச் சத்து மாத்திரை தருவாங்க, ஒழுங்கா முழுங்குங்க. எட்டு நாள் போறதையும் சொல்லி வைத்தியம் பாருங்க. பொறவு வாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா மேல் இருந்த கோபம் மெல்ல வேறு பக்கம் திரும்பியது. இத்தனை வருஷத்தில் வலிக்கு மாத்திரை எழுதினவர்களில் ஒருவர்கூட என் கண்ணை இழுத்துப் பார்க்கவில்லையே. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னபோதெல்லாம் "வயசாகுதுல்லா" என்றுதானே சொன்னார்கள்.

மூன்று மாசம் மாத்திரை முழுங்கினேன். வாயெல்லாம் துரு வாசம், வயிறு கல்லாக இறுகிப்போகும். முருங்கைக் கீரை பார்த்தாலே வீட்டில் எல்லோரும் எழுந்து ஓடுகிற நிலைமை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையில் சின்னக் கட்டி என்று கண்டுபிடித்து அதற்கும் மருந்து கொடுத்தார்கள். சீட்டில் பதினொன்றரை என்று வந்ததும் ஒரு சனிக்கிழமை மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன்.

குப்புறப் படுக்கச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு, உறை பிரிக்காத பிளேடை என் கண்ணெதிரே பிரித்தார். "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லச் சொல்லித் தொடங்கினார். நான் மனசுக்குள் என் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். கழுத்துக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை ஏழு இடத்தில் கப் வைத்துச் சின்னப் பம்பால் உறிஞ்சினார். தோலை ஏழு கை சேர்ந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. செத்த நேரம் கழித்துக் கப்பை எடுத்து, பூனை பிறாண்டுகிற மாதிரி லேசாக லேசாகக் கீறி, மறுபடி வைத்தார். எரிந்தது. தாங்க முடியாத வலி என்று பொய் சொல்ல மாட்டேன். முடிந்ததும் கப்புக்குள் கட்டியாக, ஜெல்லி மாதிரி உறைந்திருந்த ரத்தத்தைக் காட்டினார்.

துடைத்துவிட்டுக்கொண்டே, "எதுல உக்காந்து தைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஸ்டூல்லதான்."

"சாய்மானம்?"

"அதெல்லாம் ஏது?"

"அத மாத்தாம நான் எத்தன தடவ கப் வச்சாலும் வலி திரும்பி வரும்க்கா. இப்பமே சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை காலையில் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தளவாய்புரம் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் நாற்காலிக்கு லக்கேஜ் கேட்டார். உட்கார இடமில்லாத பஸ்ஸில் நாற்காலியை நடுவில் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். கம்பெனியில் முதலாளி சிரிக்கவில்லை.

"ஒனக்கு நாற்காலி விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாளுவ."

"கேக்கட்டும்ண்ணே. எல்லாருக்கும் முதுகு இருக்குல்லா?"

"சாஞ்சு உக்காந்தா தையல் ஓடுமா?"

"சாயந்தரம் பீசை எண்ணிப் பாருங்க. கொறஞ்சா நாற்காலிய நானே வெளிய தூக்கிப் போடுதேன்."

குறையவில்லை. வியாழக்கிழமைக்குள் இன்னும் நாலு பேர் வீட்டு நாற்காலியோடு வந்துவிட்டார்கள். முதலாளி முறைத்ததோடு சரி.

அதற்குள் சபையில் விஷயம் வேறு மாதிரி முற்றியிருந்தது. ஞாயிறு ஆராதனையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ, ஜாக்கெட்டுக்கு மேலே கழுத்தடியில் தெரிந்த கருஞ்சிவப்பு வட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் வேதபாடம் வாசிக்கிறவள் நான். அன்றைக்கு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழுந்ததும் ஐக்கியத் தலைவியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். ஓய்வு பெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் அவர். அவர் கையைக் காட்டினால் ஃபேன்கூட நின்றுவிடும்.

"நீ வாசிக்க வேண்டாம். ஒக்காரு."

"ஏம்மா?"

"மாத்து மதத்து ஆளுவ மந்திரம் சொல்லி ரத்தம் எடுக்குற எடத்துக்குப் போனியாமே. ஒரு விசுவாசி செய்யுற காரியமா இது?"

இருபது பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உட்காரவில்லை.

"அவிய அவிய சாமி பேரச் சொன்னாவ. நான் எஞ்சாமி பேரச் சொன்னேன். ஒங்களுக்கு மதுரையில கண்ணு ஆப்பரேஷன் பண்ணுன டாக்டர் நெத்தி நெறைய திருநீறு பூசி, சாமி படத்தக் கும்பிட்டுட்டுத்தான் கத்தியத் தொட்டார்னு நீங்கதானம்மா சொன்னீங்க? வந்து இதே எடத்துல நின்னு, கர்த்தர் என் கண்ணத் தெறந்தார்னு சாட்சியும் சொன்னீங்க. அவர் டாக்டர், இவிய டாக்டர் இல்லையா?"

"அது வேற, இது வேற."

"எது வேறம்மா?"

அறையில் பெண்கள் மட்டும்தான் இருந்தோம். நான் திரும்பி நின்று, முந்தானையை இறக்கி, ஜாக்கெட்டின் கழுத்தைக் கீழே இழுத்துக் காட்டினேன். "ஒளிஞ்சு ஒளிஞ்சு பாக்க வேண்டாம். நல்லாப் பாத்துக்கோங்க. ஏழு இருக்கு."

யாரோ ஒரு பாட்டியம்மா எழுந்து வந்து ஒரு வட்டத்தை விரலால் தொட்டு, "வலிக்குதாட்டி?" என்று கேட்டார். "இல்ல பாட்டி" என்றேன். அந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கண் கலங்கியது.

மன்னிப்புக் கேட்டால் வாசிக்கலாம் என்று தலைவியம்மா சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை. கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. இரண்டு மாசம் முதல் வரிசையில் உட்கார்ந்து, யார் வாசித்தாலும் கூடவே வாய்விட்டு வாசித்தேன். வாசிக்கிறவளுக்கு நாக்குக் குழறும்போது என் சத்தம்தான் கேட்கும். ஒருநாள் தலைவியம்மா வேதாகமத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அவரும் வருத்தம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வாசித்தேன்.

மூன்று தடவை கப் வைத்தாயிற்று. இப்போது கை தலைக்கு மேலே போகிறது. மழைக்காலத்தில் கழுத்து இன்னும் பிடிக்கும். கப்பினாலா, நாற்காலியாலா, இரும்பு மாத்திரையாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எலும்பு டாக்டர் நாற்காலி என்கிறார். என் வீட்டுக்காரர், "ஒன் வாயிதான்" என்கிறார்.

போன தடவை போயிருந்தபோது டாக்டரம்மாவின் தம்பி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, ஒரு நிமிசம் வீடியோ பேசுங்க. ஹிஜாமா செஞ்ச பொறவு எல்லா நோயும் போயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"எல்லா நோயும் எங்க போச்சு? தோள்வலி கொறஞ்சிருக்குன்னு வேணா சொல்லுதேன்."

"அப்படிச் சொன்னா யாருக்கா பாப்பாங்க?"

"யாரும் பாக்கலன்னா போட்டும். எம் பேச்ச நாந்தான் பேசுவேன், நீங்க எழுதிக் குடுக்காதீங்க."

தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றி சிவப்புக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, "போன உள்ள வையி. வெளிய ஆளு காத்துக்கிட்டு இருக்கு, உள்ள வரச் சொல்லு" என்றார்.