ஆமாம் என்றுதான் தலையாட்டினேன்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு செப்டம்பர் மாதம் பல்கேரியாவில் நடந்தது இது.

என் கணவர் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருந்தார். பம்பு பாகங்கள் வார்த்துக் கொடுக்கிற தொழில். அந்த நாட்டு வியாபாரி ஒருவர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட, நானும் கூட ஒட்டிக்கொண்டேன். வந்த வேலை முடிந்ததும் மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்க்க ஒரு காரும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்தோம். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி வந்தார். காரை ஓட்டுவதும் அவரே, ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வதும் அவரே. நாங்கள் கறி மீன் சாப்பிட மாட்டோம் என்று தெரிந்ததும், போகிற இடமெல்லாம் கெட்டித் தயிரும் ரொட்டியும் தேடிப் பிடித்துக் கொடுத்தார். நான் கொண்டு போயிருந்த பருப்புப் பொடியை ஒரு சிட்டிகை வாயில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இரண்டாவது நாள், மலை மேல் இருந்த பழைய மடத்தைப் பார்த்துவிட்டு இறங்கும்போது மழை ஈரத்தில் இவருக்குக் கால் வழுக்கிவிட்டது. படி ஓரத்து இரும்புக் கம்பி கிழித்து, முழங்காலுக்குக் கீழே நல்ல வெட்டு. "ஒண்ணுமில்ல அம்மணி, பவுண்டரில படாத காயமா?" என்று கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கால் வீங்கிச் சிவந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. வழிகாட்டி பார்த்ததும், போகவேண்டிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் காரைத் திருப்பினார்.

டாக்டர் காயத்தைப் பார்த்து மருந்து எழுதினார். பெயரைப் பதிய எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு வழிகாட்டி கவுண்டருக்குப் போனார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டோடு வந்தார். அவர் பேசியதில் இரண்டே வார்த்தைதான் எங்களுக்குப் புரிந்தது. "பென்சிலின்? அலர்ஜி?"

சில வருஷங்களுக்கு முன் கோயமுத்தூரில் பென்சிலின் போட்டு, உதடு வீங்கி, மூச்சு அடைத்து, இவர் பிழைத்ததே பெரிய பாடு. இனிமேல் அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையை நான் வீட்டு பீரோவிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆமாம், ஆமாம் என்று நானும் இவரும் கழுத்து வலிக்கிற அளவுக்குத் தலையாட்டினோம். நர்ஸ் சிரித்த முகத்தோடு மருந்தை ஊசியில் ஏற்றினார். இருந்தாலும் மனசு கேட்காமல் ஊசியைக் காட்டி, "பென்சிலின்?" என்றேன். அவர் இடமும் வலமுமாகத் தலையை அசைத்தார். இல்லையாம். அப்பாடா, வேறு மருந்துதான் என்று மூச்சு விட்டேன்.

இவர் ஒருக்களித்துப் படுத்தார். நர்ஸ் பஞ்சால் துடைத்தார். அப்போதுதான் வழிகாட்டி உள்ளே வந்து, "கவலைப்படாதீங்க, பென்சிலின்தான் எழுதியிருக்கார். சீக்கிரம் குணமாயிடும்" என்றார்.

"வேண்டாமுங்க! அவருக்குப் பென்சிலின் ஆகாதுங்க!" என்று கத்தினேன். பதட்டத்தில் தமிழில்தான் வந்தது. வழிகாட்டிக்கு என்ன புரிந்ததோ, ஒரே எட்டில் பாய்ந்து நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஊசி முனைக்கும் இவர் தோலுக்கும் நடுவே ஒரு விரல் அளவுதான் இருந்தது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் மேலும் கீழும் தலையாட்டினால் 'இல்லை'. இடமும் வலமும் அசைத்தால் 'ஆமாம்'. அலர்ஜி இல்லவே இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடித்துச் சொல்லியிருக்கிறோம்! வழிகாட்டியோ வெளிநாட்டுக்காரர்களோடு பழகிப் பழகி, எங்கள் மாதிரியே தலையாட்டக் கற்றுக்கொண்டவர். அதனால் மூன்று நாளாக எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. "முதல் நாளே இதைச் சொல்லியிருக்கணும், மறந்துட்டேன்" என்று அவர் சுவரில் சாய்ந்து அழுதார். நர்ஸ் முகமெல்லாம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் வந்து மருந்தை மாற்றினார். சாயந்திரம் காய்ச்சல் இறங்கியது. எங்கேயோ போய்ச் சோறு பொங்கி, தயிர் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தார் வழிகாட்டி. இவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏனுங்க அம்மணி, நாம ஒழுங்காத்தானே தலையாட்டுனோம்?" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்தப் பெண்மணி கவுண்டரில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால், அந்த ஊசி இறங்குவதை நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். இன்றைக்கும் இவர் பக்கத்து அறையில் போனில் சத்தம் போட்டுப் பேசும்போது, மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லப் போய், சொல்லாமல் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிடுகிறேன்.