மேரிஜோசப்பினின் பல்கணி

ஒரு வேலையைத் தொடங்குமுன் நாலுபேரிடம் கேட்பது மேரிஜோசப்பினின் பழக்கத்திலேயே இல்லை. கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள், பிறகு சொன்னதைச் செய்யவில்லை என்று மூஞ்சியைத் தூக்குவார்கள் என்பாள். எண்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதம், ஊர்காவற்துறையில் தன் வீட்டுப் பின்வளவில் அவள் பல்கணி கட்டத் தொடங்கியதும் அப்படித்தான்.

"பல்கணியோ? அது மேல்வீட்டிலயெல்லோ வைக்கிறது. உமக்கு மேல்வீடு எங்கை?" என்று சிரித்தார் தச்சன் பஸ்ரியாம்பிள்ளை.

"நிலத்திலயிருந்து கட்டுங்கோ. நெஞ்சுயரத்துக்கு மேடை, மேலை தென்னோலைக் கிடுகுக் கூரை. ஏறச் சரிவு போதும், படி வேண்டாம்."

படி வேண்டாம் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் பகிடி விடவில்லை.

அவளுடைய புருஷன் பிலிப்பு கடற்றொழிலாளி. முந்தின வருடம் வள்ளத்தைக் கரையேற்றும்போது வழுக்கி விழ, வள்ளம் முதுகில் ஏறிவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடல் இருநூறு யார் தூரத்தில்தான். இரைச்சல் கேட்கும், ஆனால் ஆளுயர வேலி மறைத்துவிடும். கட்டிலில் கிடந்த மனுஷன் முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். "ஆருக்கு நான் இனி?" என்று ஒருநாள் கேட்டபோது, இவர் செத்துப்போக ஆயத்தப்படுகிறார் என்று பயந்தாள்.

அடுத்தநாள் உரலை உருட்டி வந்து வேலியோரம் வைத்து மேலே ஏறிப் பார்த்தாள். கடல் தெரிந்தது. கொழும்பில் ஒரு டொக்டர் வீட்டில் வேலைக்கு நின்ற காலத்தில் அங்கே இருந்த பல்கணி ஞாபகம் வந்தது. சில்லுக் கதிரையில் இருக்கிறவரின் கண் எந்த உயரத்தில் வரும் என்று ஈர்க்கால் அளந்து, பஸ்ரியாம்பிள்ளையிடம் கொடுத்தாள்.

கல் அடுக்கி மண் நிரப்பி, நாலு பனங்கப்பு நட்டுக் கூரை வேயப் பத்து நாள் எடுத்தது. ஊர் அதைப் பரண் என்றது. அவள் சளைக்காமல் பல்கணி என்று திருத்தினாள்.

மேலே ஏற்றி இருத்திய அன்று பிலிப்பு கண்ணுக்குமேல் கையை வைத்து அடிவானம்வரை பார்த்தார். பிறகு, "வாடைக்காத்து விழுந்திட்டுது, கடல் அடங்கிக் கிடக்கு" என்றார். ஜோசப்பினுக்கு அதுவே போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் கடற்பக்கத்து வளவுக்காரி மாக்கிறேற் வேலியடியில் வந்து நின்று கத்தினாள். "அக்கா, உங்கட பரணிலயிருந்து எங்கட கிணத்தடி தெரியுது! நாங்கள் பாவாடையை நெஞ்சோட குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு குளிக்கிறேல்லையோ? நாளைக்கே வேலிக்கு இன்னொரு வரி கிடுகு வைக்கிறன்."

ஜோசப்பின் திகைத்துப்போனாள். உரலில் ஏறியவள் கடலைத்தான் பார்த்தாளே தவிர, இடப்பக்கம் திரும்பவேயில்லை. அயல் கிணற்றடி தெரியும் என்றுதானே அந்த ஊரில் ஒருவரும் உயர்த்திக் கட்டுவதில்லை! நாலுபேரில் ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். வேலி உயர்ந்தால் கடல் போய்விடும்.

"மாக்கிறேற், உயர்த்தாதையும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள், ஆயுளில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டறியாதவள்.

மாக்கிறேற் அதை எதிர்பார்க்கவில்லை. "எவ்வளவு தெரியுதெண்டு நானே பாக்கிறன்" என்று சுற்றி வந்து ஏறினாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பிறேல்லைப் பிள்ளை" என்றார் பிலிப்பு.

கிணற்றடி, வாளி, கல்லில் வைத்த சவர்க்காரம் வரை தெரிந்தது. அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கண் கடலுக்குப் போய்விட்டது. கடலில் நேவி திரிந்து வள்ளங்களைச் சுட்ட காலம். விடியப் போன அவள் புருஷன் கிறிஸ்தோப்பர் இன்னும் வரவில்லை. காலையிலிருந்து ஐந்து தரம் கரைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணை, உது எங்கட வள்ளமோ?"

"இல்லை. கிறிஸ்தோப்பற்ற பாயில மேலை ஒரு ஒட்டுக் கிடக்கு. அவர் பின்னாலை வாறார், அங்கை பாரும். அரை மணித்தியாலத்தில கரைக்கு வந்திடுவார்."

மாக்கிறேற் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்தநாள் கிடுகு வந்தது. அதைக் கிணற்றைச் சுற்றிக் கட்டினாள், வேலியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு வள்ளம் பிந்தினால் அவள் வேலிக்கு அப்பாலிருந்து, "பிலிப்பண்ணை, தெரியுதோ?" என்று குரல் கொடுப்பாள். பங்குனியில் மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

ஒருநாள் உச்சி வெயிலில் ஜோசப்பின் சரிவில் ஏறி வந்தாள். "வெக்கை தாங்கேலாது. உள்ளுக்குக் கொண்டுபோய் விடட்டோ?"

பிலிப்பு திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப ஏலாது. இன்னும் மூண்டு வள்ளம் வரக்கிடக்கு."