கொட்டாங்குச்சிக் கவலை

அத்தை மகளுக்குக் கால் உடைந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அவளுக்கும் ஒன்பதுதான், என்னைவிடச் சில மாதம் இளையவள். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். வைக்கோல் போர்மேல் ஏறிக் குதித்து விளையாடியவள் சறுக்கிக் கல்லில் விழுந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. எலும்பு கட்டுவதில் பேர்போனவர் ஒருவர் பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் இருந்தார். அதனால் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்கவைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

கட்டுப் போட்டு முடிந்ததும் அத்தை கிளம்பிவிட்டாள். அவளுக்குக் கைக்குழந்தை இருந்தது. ராகி அறுப்பும் நெருங்கியிருந்தது. "கட்டு அவுக்கற வரைக்கும் உங்க வூட்டுலயே இருக்கட்டும் அண்ணி. அங்க வந்தா ஒரு நாழி படுக்க மாட்டா," என்று என் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினாள். அதுவரை அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பிள்ளை.

என் அம்மா ஓய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விடியும் முன்னே சாணி அள்ளுவாள், பால் கறப்பாள், களி கிண்டுவாள், காட்டு வேலைக்குப் போவாள், வந்து கல்லில் ராகி திரிப்பாள். எனக்குத் தலை வாரிவிடுவதுகூட நின்றபடிதான். நான் ஏதாவது கேட்டால் பதில் அவள் முதுகிலிருந்து வரும். அதைப் பற்றி நான் வருத்தப்பட்டதும் இல்லை. அம்மா என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

கட்டுப்போட்ட மறுநாள் அத்தை மகள் அழுது கையையும் காலையும் உதறினாள். கால் அசைந்தால் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிடும் என்று கட்டுப் போட்டவர் பயமுறுத்திவிட்டுப் போயிருந்தார். அந்தக் கட்டுக்கு முட்டையின் வெள்ளைக்கருவை உளுந்து மாவோடு குழைத்துத் துணியில் தடவிச் சுற்றியிருந்தார்கள். அதற்காக நுனியில் ஓட்டை போட்டு வடித்த முட்டை ஓடுகள் உடையாமல் அடுப்படியில் கிடந்தன. அம்மா அதில் ஒன்றை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள்! நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

விளக்குக் கரியைத் தொட்டுக் கண்ணும் புருவமும் எழுதினாள். மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து வாய்க்குச் சிவப்பு வைத்தாள். கறுப்பு ஆட்டின் மயிரைக் கொஞ்சம் கத்தரித்து, ஆறிய களியால் உச்சியில் ஒட்டினாள். கிழிந்த பாவாடைத் துணியைச் சுருட்டி உடம்பாக்கி, அந்தத் தலையை மேலே வைத்தாள்.

"பாத்தியா, உன்ன மாதிரியே முட்டக் கண்ணு," என்றாள். அத்தை மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அந்தக் குரலை அம்மாவிடம் நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஒன்று செய்வது வழக்கமாகிவிட்டது. சோளத்தட்டையை உரித்து, உள்ளே தக்கை மாதிரி இருக்கும் வெள்ளைச் சோற்றைத் துண்டுதுண்டாக நறுக்கி, உரித்த சிம்புகளைக் குத்தினால் மாடு வந்துவிடும். புளியங்கொட்டையின் தோலை உரசி எடுத்துக் கோத்தால் மணிமாலை. இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரு விளக்குமாற்றுக் குச்சியும் வாழை நாரும் இருந்தால் தராசு. யுத்த காலம், தீப்பெட்டி கிடைப்பதே பெரிய பாடு. அப்பா காலியான பெட்டிகளைக்கூடக் கூரை எரவாணத்தில் செருகிப் பத்திரமாக வைத்திருந்தார். அம்மா அதையும் எடுத்து வண்டி செய்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு பெட்டி கேட்டபோது மட்டும், தீக்குச்சி நமத்துப்போகாமல் போட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி மறுத்தவர் அவர்தான்.

எனக்கு எடுபிடி வேலை. "தட்டை ஒடிச்சாந்து குடு." "வாழ நாரு கொண்டா." "ஊசி எங்க கெடக்குது பாரு." வெயிலில் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுப்பேன். கொடுத்த பிறகு அவர்கள் இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கட்டுக்கு எடுத்தது போக மிஞ்சிய மஞ்சள் கருவை வறுத்து அவளுக்குத்தான் கொடுத்தார்கள். அந்த வாசனை இன்னும் எனக்கு வயிற்றெரிச்சலோடுதான் ஞாபகம் வருகிறது.

ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கும் ஒரு முட்டப் பொம்ம செஞ்சு குடும்மா."

"நீயென்ன படுத்துக்கிட்டா கெடக்கற? கை காலு நல்லாத்தான இருக்குது. ஓடி வெளையாடு போ."

கை கால் நல்லாயிருப்பது ஒரு குற்றமா என்று தோன்றியது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். நான்கு சோளத்தட்டைகளை என் இடது காலைச் சுற்றி வைத்து, வாழை நாரால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் பழைய துணியைச் சுற்றினேன். முட்டைக்கும் உளுந்துக்கும் எங்கே போவது? களியைத் தண்ணீர் விட்டுக் கரைத்து அப்பினேன். பார்க்க அசல் கட்டுப் போலவே இருந்தது. காய்வதற்காகக் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்திருந்தேன். கன்றுக்குட்டி வந்து களி முழுவதையும் நக்கித் தின்றுவிட்டது.

மிஞ்சியிருந்த தட்டையோடு நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். முதலில் சிரித்தவள் அத்தை மகள். அவள் சிரித்ததும் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா என்னைத் தூக்கி உரல்மேல் உட்காரவைத்து, "எந்த வைத்தியனம்மா கட்டுனது?" என்று கேட்டபடியே அவிழ்த்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று கிணற்றுமேட்டுக்கு ஓடிவிட்டேன்.

அங்கே அப்பா கவலை ஓட்டும் இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கவலை என்றால் மாடு கட்டி நீர் இறைப்பது. சால் என்கிற பெரிய தோல்பையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார்கள். மாடுகள் சரிவில் இறங்கி நடந்தால் கயிறு உருளைமேல் ஓடி, சால் மேலே ஏறி வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல்குழாய், அதற்குத் தும்பி என்று பெயர். மேலே வந்ததும் இன்னொரு கயிறு தும்பியின் வாயைத் தொட்டிக்குள் இழுத்துவிடும். தண்ணீர் தானாகக் கொட்டும்.

அம்மா செய்வதெல்லாம் படுத்தபடி பார்க்கிற பொம்மை. ஓடுகிற ஒன்றை நான் செய்வேன் என்று முடிவு செய்தேன். அத்தை மகள் கைக்கு எட்டாத ஒன்றை.

முருங்கை மரத்தடியில் குழி பறித்து, வாய் உடைந்த பானையைப் புதைத்தேன். அதுதான் கிணறு. இரண்டு கவட்டைக் குச்சிகளை நட்டு, நடுவில் தையல்காரர் எறிந்த நூல்கட்டையை உருளையாக மாட்டினேன். கொட்டாங்குச்சியில் ஓட்டை இல்லாத பாதியைப் பார்த்து எடுத்து, விளிம்பில் துளை போட்டு நூல் கட்டினேன். சரிவுக்கு மண்ணை அணைத்துத் தட்டிவிட்டேன். சோளத்தட்டை மாடு இரண்டு செய்ய எனக்கே தெரிந்திருந்தது. எத்தனை தடவை கதவோரம் நின்று பார்த்திருப்பேன்! உருளை சுற்றாமல் சண்டித்தனம் செய்தது. விளக்கெண்ணெய் விட்டேன். கவட்டை சாய்ந்தது. கல் வைத்து இறுக்கினேன். சாயங்காலம் மாடுகளைப் பிடித்துச் சரிவில் இழுத்தபோது கொட்டாங்குச்சி தளும்பத் தளும்ப மேலே வந்தது. நானே அதைக் கையால் சாய்த்து வாய்க்காலில் ஊற்றினேன்.

அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்னொரு தடவை இழுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"ஏ, இங்க வந்து பாரு! நம்ம புள்ள கவல ஓட்டுது!"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் மாட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இழுத்தேன். தண்ணீர் மேலே வந்ததும், "அட!" என்றாள். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்கு, எனக்கே எனக்கு என்று நினைத்த அதே நிமிஷத்தில் சொன்னாள்:

"இத அந்தப் புள்ளைக்குக் காட்டோணுமே. உள்ள எடுத்தாந்துரலாமா?"

"எடுக்க முடியாது. கெணறு மண்ணுக்குள்ள இருக்குது," என்றேன்.

"அப்ப அவளத் தூக்கியாரலாம்."

அப்பா தலைமாட்டையும் அம்மா கால்மாட்டையும் பிடித்துக் கட்டிலோடு அவளைத் தூக்கிவந்து முருங்கை மரத்தடியில் போட்டார்கள். ஊர்வலம்தான். அவள் ஒருக்களித்துப் படுத்து, கண்ணெடுக்காமல் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: "தும்பி எங்க?"

"கொட்டாங்குச்சிக்கு ஏது தும்பி?"

"தும்பி இல்லாம கவலையா? நீ கையிலதான ஊத்தற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. கால் வலிக்கிறதா என்று அம்மா குனிந்து கேட்டாள்.

"எனக்கு எங்க வூட்டுக்குப் போவோணும். இந்தப் பொம்ம ஒன்னும் வேணாம். அவ மட்டும் நடந்து போயி, எல்லாத்தயும் அவளே எடுத்தாந்து செய்யறா!"

அவளுக்கு என்மேல் பொறாமை! எனக்கு உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்துபோனது. ஆனால் அம்மா கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொழுது சாயும் வரை அந்தத் தலை அங்கேயே இருந்தது. என் மாடுகள் ஈரமண்ணில் நின்றுகொண்டிருந்தன.

கட்டு அவிழ்த்ததும் அத்தை வண்டியோடு வந்தாள். அம்மா பொம்மைகள், மாடு, மணிமாலை, தராசு எல்லாவற்றையும் ஒரு கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி அவளோடு அனுப்பினாள். எனக்கென்று ஒன்றாவது எடுத்து வைப்பாள் என்று கூடையைத் தூக்கும் வரை காத்திருந்தேன். இனிமேல் மத்தியானங்கள் என்னுடையவை என்றும் நினைத்தேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள்.

அத்தை ஊரில் மாரியம்மன் பண்டிகைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்குள் நுழையும் முன்பே பார்த்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு கவலை. புதைத்த பானை, கவட்டைக் குச்சி, நூல்கட்டை, சரிவு எல்லாம் என்னுடையது போலவே.

"எம்புள்ள தானா யோசிச்சுச் செஞ்சது அண்ணி. வந்தவங்கெல்லாம் அதிசயப்பட்டுப் போறாங்க," என்று அத்தை பெருமையாகச் சொன்னாள்.

"இது என்னுது! நாந்தான் மொதல்ல செஞ்சேன்!" என்று கத்திவிட்டேன். அம்மா என் தோளைக் கிள்ளினாள்.

உள்ளேயிருந்து அத்தை மகள் வந்தாள். கால் லேசாக விந்தியது. "ஆமாம்மா, இவதான் செஞ்சா. நான் தும்பி மட்டுந்தான் வெச்சேன்," என்றாள்.

அவள் இல்லையென்று சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போனது. அவள் உட்கார்ந்து மாட்டை இழுத்தாள். கொட்டாங்குச்சி மேலே வந்தது. அதன் அடியிலிருந்த குழாய் வளைந்து வாய் திறந்தது. யார் கையும் படாமல் தண்ணீர் சளசளவென்று வாய்க்காலில் ஓடியது. எனக்கு வயிறு எரிந்தது. கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"எப்படி வெச்ச?" என்று கடைசியில் கேட்டுவிட்டேன்.

அவள் கொட்டாங்குச்சியைத் திருப்பிக் காட்டினாள். நான் ஓட்டை இல்லாத பாதியைத் தேடி எடுத்திருந்தேன். அவள் கண் இருக்கிற பாதியை எடுத்திருந்தாள். மெத்தென்ற கண்ணை ஆணியால் குத்தித் திறந்து, அதில் பூசணி இலைக் காம்பைச் செருகியிருந்தாள். பூசணிக் காம்பு உள்ளே குழல். ஒருநாள் வாடவிட்டால் ஒடியாமல் வளையும். மலைக்காரர்கள் சந்தைக்குத் தேனோடு கொண்டுவரும் மெழுகை உருக்கி இடுக்கை அடைத்திருந்தாள். காம்பின் நுனியில் இன்னொரு நூல். அவ்வளவுதான். வேண்டாமென்று நான் தூக்கிப்போட்ட பாதி!

பண்டிகைக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு தும்பி செய்தோம். நான் மெழுகை அதிகம் வைத்தேன், அவள் வழித்தெடுத்தாள். நூல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதில் அவள் தடுமாறிக்கொண்டிருந்தாள். "நீ கட்டறதுதான் சரியா இருக்குது," என்று அவளே சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் அவளை எனக்குப் பிடித்திருந்தது.

ஊர் திரும்பியதும் முருங்கை மரத்தடியில் என் கவலையைப் பிரித்துப் புதிதாகக் கட்டினேன். காம்பு வாடுவதற்கு ஒருநாள் காத்திருந்தேன். அம்மா பால் சொம்போடு அந்தப் பக்கம் வந்தபோது, "கொஞ்சம் நில்லும்மா," என்றேன். மாட்டை இழுத்தேன். சால் ஏறியது. தும்பி வாயைத் திறந்தது.

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுகிற தண்ணீரில் உள்ளங்கையை நீட்டினாள். "தானா ஊத்துதே! இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"அத்த மவ."

"அதான பாத்தேன். அந்தப் புள்ளைக்கு என்ன மூள!"

என் காது இரண்டும் சுட்டன. மாட்டை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. அம்மா எழுந்திருக்கவில்லை. கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். "இன்னொருக்கா ஓட்டு," என்றாள்.

ஓட்டினேன்.