அக்கா கைக்காக ஓசூரிலிருந்து சாமல்பட்டி வரை

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாமல்பட்டிக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, அக்காவை ஓசூருக்கு டாக்டரிடம் கூட்டி வர. அக்கா இப்போது காலையில் பால் கறப்பதில்லை, மாமாதான் கறக்கிறார் என்று போனில் தெரிந்தது. விரல் மடங்கவில்லையாம், வெயில் ஏறினால் சரியாகிவிடுமாம். இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். சில வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் கம்பெனிகளின் காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி விற்கிறேன். எனக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய். தேய்மானம் வேறு, இது வேறு. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகிக் கிடக்கும், இரண்டு கையும் சேர்ந்தே வீங்கும், காரணமில்லாமல் அசதி வரும். கண், நுரையீரல் வரை போகலாம்.

கார் வாடகை போக வர 3,600 கேட்டார் டிரைவர். 3,200க்கு முடித்தேன். கம்பெனி பஸ்கள் கிளம்புமுன் ஐந்து மணிக்கே புறப்படலாமே என்றார்.

"என் கை எட்டரைக்குத்தாங்க டூட்டிக்கு வரும்" என்றேன். சிரித்துவிட்டார்.

ஒன்பதேகாலுக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரியில் டீ குடித்து, மத்தூர் வழியாகப் போய்ச் சேரப் பதினொன்றரை. சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்.

அக்கா நல்ல சாப்பாடு போட்டாள். டாக்டர் பேச்சை மட்டும் எடுக்க விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது.

"மாத்திரை தின்னுதானேடி உன் விரலு இப்பிடிக் கோணிக்கிச்சு? எனக்கு அது வேணாம்."

நோய்க்கு என் கையே சாட்சி என்று நம்பி வந்திருந்தேன். அவளுக்கு அது மாத்திரைக்கு எதிரான சாட்சி.

அவள் கையைப் பிடித்து, விரல் தொடங்கும் முட்டிகளைப் பக்கவாட்டில் லேசாக அழுத்தினேன். டாக்டர் என்னிடம் செய்து பார்த்ததுதான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். என் கையை நீட்டினேன்.

"இப்ப இத அழுத்துக்கா."

அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். "வலிக்கலையா உனக்கு?"

"இல்ல. கோணினதெல்லாம் மாத்திரைக்கு முன்னாடி. ஆரம்பிச்ச பொறவு ஒண்ணும் கோணல."

உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. வந்தபோது புடவை மாற்றியிருந்தாள். "வர்றேன் பெட்டிக்காரி, நாளைக்கு சாயங்காலம் மாட்டுக்கு நான் இங்க இருக்கணும்" என்றாள். அட்டைப்பெட்டி விற்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் அது.

இப்படி யாரையாவது கூட்டிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை அவசரம் வேண்டாம். மணிக்கொரு தடவை வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியை முன்பே தளர்த்தி வையுங்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி நாள் கடத்தாமல் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். வாரம் ஒருநாள் மட்டும் என்று எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தினமும் போட்டுவிடாதீர்கள்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் அக்கா கேட்டாள்:

"இப்பவே ஆரம்பிச்சா என் கை இப்பிடியே இருக்குமா?"

"இருக்கும்னுதான் நெனைக்கிறேன். டாக்டர் சொல்லட்டும்."

மடியில் கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். மெதுவாகத்தான், ஆனால் ஐந்தும் நேராக நீண்டன. மத்தூர் போகும் வரை அந்த விரல்களைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை.