ஓலையில் பேர் இல்லாத ஓடக்காரி

‘ஏழு வாயில்’ என்ற ஒலித்தொடரில் வைஜெயந்திக்கு இளவரசி வேடம் கிடையாது. மந்திரவாதி வேடமும் கிடையாது. அதெல்லாம் சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு. கோட்டைக்குள் தண்ணீர் சுமக்கிறவள், ராஜாவின் சோற்றை முதலில் தின்று விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற சமையல்காரி, போர் முடிந்த பிறகு பிணங்களைக் கழுவுகிறவள், இரண்டு மூன்று கிழவிகள், ஒரு கிளி, இவர்களுக்கெல்லாம் அவள்தான் குரல். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடித்தவர்களின் பேரை வாசித்துவிட்டுக் கடைசியில் ‘மற்றும் பலர்’ என்பார்கள். அதைக் கேட்ட எக்கியார்குப்பத்துப் பெண்கள், அவள் தெருவில் நடந்தால் “பலர் வர்றா பாரு” என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் முதலில் அங்கே போனது குரல் கொடுக்க இல்லை. மழை மாதங்களில் மரக்காணம் உப்பளத்தில் அவள் வேலை நின்றுவிடும். அப்போது இடையஞ்சாவடியில் ஒரு மாடி வீட்டில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கப் போனாள். கதையை எழுதுவதும் பதிவு செய்வதும் கீதாஞ்சலி என்ற பெண். ஒருநாள் தண்ணீர்க்காரியாகப் பேச வேண்டியவர் வரவில்லை. “அக்கா, ஒரே ஒரு வரிதான், நீங்க சொல்லுங்களேன்” என்று கீதாஞ்சலி கூப்பிட்டாள். உப்புப் பாத்திக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கூப்பிடுவது போல வைஜெயந்தி ஒரு குரல் கொடுத்தாள். கீதாஞ்சலி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

“அக்கா, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுங்க. அடுத்த ஊர்ல இருக்கிறவங்ககிட்ட இல்ல.”

அப்படித் தொடங்கியதுதான்.

வைஜெயந்தியின் கணவன் சிங்காரம் கடலில் பேர் வாங்கியவன். காற்றின் நிறம் மாறுவதை மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிடுவான் என்பார்கள். ஆனால் சில வருடங்களுக்கு முன் அவனுடைய அக்கா செல்லம்மாள் திண்டிவனத்தில் ஒரு ஜோசியரிடம் அவன் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். நாற்பத்திரண்டு வயது முடியும் வரை தண்ணீரில் கண்டம் என்று அவர் சொல்லிவிட்டார். இவர்களுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அதனால் வீட்டில் யாரும் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. சிங்காரம் படகைத் தென்னை மரத்தடியில் கவிழ்த்துப் போட்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விருந்தினர் விடுதியின் கேட்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தான். விற்க மீன் இல்லாமல் போனதும் வைஜெயந்தி உப்பளத்துக்குப் போனாள்.

வேலை மாறியதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் மாறியதுதான் கஷ்டமாக இருந்தது. கிணற்றடிக்குப் போகமாட்டான். வாசலில் பக்கெட்டில் தண்ணீர் வைத்துக் குளிப்பான். மாசி மகத்துக்குச் சாமி கடலுக்கு வரும்போது ஊரே அலையில் நிற்கும், அவன் மட்டும் மணல்மேட்டில் நின்று கும்பிடுவான். அவளுக்கும் பயம்தான். மழை பெய்து அவன் வர நேரமானால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பாள்.

கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது சிங்காரம் செல்போனில் ‘ஏழு வாயில்’ கேட்பான். பெண்டாட்டி குரலைக் கேட்கத்தான் தொடங்கினான். பிறகு கதையே அவனைப் பிடித்துக்கொண்டது. யார் ஆள்வார்கள், யார் சாவார்கள், எந்த வாயில் எப்போது விழும் என்பதெல்லாம் ஒரு பழைய ஓலையில் எழுதியிருக்கும் ராஜ்யம் அது. மூன்றாம் வாயிலின் காவலாளி, மந்திரி சொன்னான் என்று கதவைத் திறந்துவிடுவான். எதிரி உள்ளே வந்து ஊரைக் கொளுத்துவான். அந்தப் பகுதி வந்த அன்று சிங்காரம் சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

“அந்தக் காவக்காரன் மேல தப்பே இல்ல. தொறன்னாங்க, தொறந்தான். அதான் அவன் வேல.”

“தொறந்தது அவன் கைதான?”

“கை அவனுது. சொன்ன வாய் வேற ஆளுது.”

“அப்ப கைக்குன்னு ஒரு புத்தி கெடையாதா?”

குழம்பு ஆறியது. இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் அவன் தாழ்ந்த குரலில் சொன்னான்: “மூணாம் வாயில் விழும்னு ஓலையிலயே இருக்குது. அவன் தொறக்காட்டியும் விழுந்துதான் இருக்கும். எழுதினத யாரு மாத்த முடியும்?”

வைஜெயந்தி ஆறிய குழம்பை மறுபடி அடுப்பில் வைத்தாள். அவன் காவலாளியைப் பற்றிப் பேசவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் அவள் கீதாஞ்சலியிடம் கேட்டாள். “ஏம்மா, எழுதினது எழுதினதுதானா? நீதான எழுதற, உனக்குத் தெரியும் இல்ல?”

“எனக்கும் தெரியலக்கா. தெரியாததாலதான் எழுதிக்கிட்டே இருக்கேன்” என்றாள் கீதாஞ்சலி. “ராஜா, இளவரசன் எல்லாம் ஓலையில மாட்டிக்கிட்டாங்க. அவங்கள வெச்சு ஒண்ணும் பண்ண முடியல. அதனாலதான் சின்ன ஆளுங்ககிட்ட போறேன்.”

அடுத்த வாரக் கதையில் ஓடக்காரி வந்தாள். ஆற்றில் இளவரசன் உயிர் போகும் என்று ஓலை சொல்லியிருப்பதால் அவன் கரையிலேயே நிற்கிறான். அக்கரையில் அவனுடைய ஜனங்கள் பசியில் கிடக்கிறார்கள். ஓடக்காரி சொல்ல வேண்டும்: “ஓலையில் உன் பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. என்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. இந்த ஆற்றில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஏறு.”

வைஜெயந்திக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. அந்த ‘ஏறு’ மட்டும் வரவில்லை. திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். ஒருமுறை பஸ் கண்டக்டர் சொன்னது போல இருந்தது. ஒருமுறை கெஞ்சுவது போல இருந்தது.

“இவ தைரியசாலியாம்மா?” என்று வைஜெயந்தி கேட்டாள்.

“இல்லக்கா. நல்லா பயப்படறா. ஆனா நீ இப்பிடித்தான் ஆவேன்னு அவளுக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கல. அவ்ளோதான் வித்தியாசம்.”

மரக்காணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது வைஜெயந்திக்கு ஒன்று தோன்றியது. அவளுக்கும் ஜாதகம் கிடையாது. அவள் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பேர் பொருத்தம் மட்டும்தான் பார்த்தார்கள். இத்தனை நாள் அதை ஒரு குறையாகவே நினைத்திருந்தாள். அன்றைக்கு அப்படி இல்லை. கூட்ட பஸ்ஸில் காலியாக ஒரு சீட் கிடைத்தது போல இருந்தது.

கார்த்திகையில் புயல் கரையைக் கடந்தது. விடிந்தபோது காற்று அடங்கியிருந்தது, மழை மட்டும் விடவில்லை. உப்பளம் எது, கால்வாய் எது, கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் மேற்கே ஒரே வெள்ளமாகக் கிடந்தது. அப்போதுதான் அருக்காணியின் போன் வந்தது. பாத்தியில் வைஜெயந்தியோடு உப்பு வாருகிறவள். அவள் கணவன் மண்ணாங்கட்டிக்கு உப்பளத்தில் காவல் வேலை, குடியிருப்பும் அங்கேதான். இரண்டு பேரும் உப்புக் கொட்டகையின் தகரக் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“தண்ணி ஏறிக்கினே இருக்குதுடி. செவுரு ஆடுது” என்றாள் அருக்காணி. அதோடு போன் போய்விட்டது.

தீயணைப்புப் படகு வேறொரு ஊரில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது, முடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். குப்பத்துப் படகுகளும் அதற்கு முன்பே வடக்குப் பக்கம் போய்விட்டன. மிச்சம் இருந்தது தென்னை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்த ஒன்றுதான்.

வைஜெயந்தி எதுவும் கேட்கவில்லை. சிங்காரம்தான் அந்தப் பக்கம் பார்த்தான். “போட் இருக்குது” என்றான்.

செல்லம்மாள் குறுக்கே வந்து நின்றாள். “டேய், இன்னும் நாப்பத்திரண்டு முடியலடா! அப்பாவ குடுத்தது போதாதா?”

அவன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் மழை வழிந்தது. வைஜெயந்தி போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

“உன் ஜாதகத்துல கண்டம் எழுதியிருக்குது” என்றாள். “எனக்கு ஜாதகமே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினா இன்னா ஆவும்னு எந்த ஜோசியருக்கும் தெரியாது. வாய்யா.”

அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, படகை நிமிர்த்தி டிராக்டரில் ஏற்றிப் பெரிய ரோட்டைத் தாண்டி வெள்ளத்தில் இறக்கினார்கள். உள்ளே வரப்புகள் மறைந்து கிடந்ததால் எஞ்சின் போட முடியாது. சிங்காரம் பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளினான், அவள் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னாள். எந்தப் பாத்தி எங்கே முடியும் என்று அவள் காலுக்குத் தெரியும், தண்ணீர் எப்படி இழுக்கும் என்று அவன் கைக்குத் தெரியும். போகப் போக அவன் தோள் நிமிர்வதை அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கொட்டகைக்குக் கிட்டே போனபோது இழுப்பு அதிகமாக இருந்தது. படகின் மூக்கு எதிலோ இடித்துத் திரும்பியது. சிங்காரம் கழியோடு தண்ணீருக்குள் விழுந்தான்.

கூரை மேலிருந்து அருக்காணி கத்தினாள். பழுப்புத் தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டு போனது. வைஜெயந்தி படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினாள்.

ஒரு தலை எழுந்தது. பிறகு தோள். பிறகு மார்பு. சிங்காரம் இருமிக்கொண்டே எழுந்து நின்றான். நன்றாகவே நின்றான். காலுக்குக் கீழே வரப்பு இருந்தது. தண்ணீர் அவன் இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

அவன் தன் இடுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “இவ்ளோதானா?” என்றான்.

கூரை மேலிருந்த மண்ணாங்கட்டி முதலில் சிரித்தார். உயிருக்குப் பயந்து விடிய விடியக் கூரையில் உட்கார்ந்திருந்த மனிதர் அப்படிச் சிரித்ததைப் பார்த்ததும் மற்ற மூன்று பேருக்கும் தாங்கவில்லை. வைஜெயந்தி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சிங்காரம் வரப்பின் மேல் நின்றபடியே படகைப் பிடித்துக்கொண்டான். அருக்காணி இறங்கினாள், பிறகு மண்ணாங்கட்டி, அவர் கக்கத்தில் ஒரு கோழி. திரும்பும் வழியில் அந்தக் கோழியைத் தவிர யாரும் சும்மா இல்லை. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

கரையில் செல்லம்மாள் தம்பியைக் கட்டிப்பிடித்து அடித்தாள். நடந்ததைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். “தண்ணியில விழுந்தான் இல்ல? கண்டம் அதோட கழிஞ்சுது. ஜோசியர் சொன்னது பொய்யாவல பாரு!”

வைஜெயந்தி அதை மறுக்கப் போகவில்லை. கழிந்தது என்று ஒருத்தி சொல்லட்டும், இருந்ததே இல்லை என்று இன்னொருத்தி நினைத்துக்கொள்ளட்டும். ஆள் எதிரே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். அது போதும் என்று இருந்தது. அன்று அவள் பகலிலேயே படுத்து, யாரும் எழுப்பாமல் தூங்கினாள்.

கடல் அடங்கியதும் சிங்காரம் விடுதியில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டான். முதல் தடவை போனபோது வலையில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சங்கரா மீனும் நண்டும்தான். அவன் அதைக் கொண்டுவந்து போட்ட விதத்தைப் பார்த்தால் சுறா பிடித்தவன் மாதிரி இருந்தது.

ரோடு சரியாகி வைஜெயந்தி இடையஞ்சாவடிக்குப் போன அன்று, போரில் புருஷனைப் பறிகொடுத்தவளாக அவள் ஒப்பாரி வைக்க வேண்டியிருந்தது. மைக் முன்னால் நின்றாள். மூச்சை இழுத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்ற சிங்காரத்தின் முகம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடியும் அதேதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீதாஞ்சலிக்கும் தொற்றிக்கொண்டது.

“அக்கா, ப்ளீஸ்க்கா, ஒரே ஒரு ஒப்பாரி.”

“இன்னிக்கி வராதும்மா” என்றாள் வைஜெயந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வேற ஏதாவது குடு. கெழவி, கிளி, எதுவா இருந்தாலும் சரி. இத நாளைக்கி வெச்சுக்கலாம்.”