சங்கின் வாய் எந்தப் பக்கம்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானது 1949 ஜூலை முதல் தேதி. எங்கள் வீட்டுக்கு அதற்கு முந்தைய மாதமே விடிவில்லாமல் போயிற்று. எனக்கு அப்போது ஏழு வயது.

எங்களோடு இருந்த சித்தப்பா திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் படம் வரைபவர். தற்காலிக வேலை. இணைப்பு நாளன்று அலுவலக முகப்பில் வைப்பதற்கு, திருவிதாங்கூரின் அரச சின்னமான வலம்புரிச் சங்கையும் இருபுறமும் யானைகளையும் பெரிதாக வரைந்து தரும்படி சூப்பிரண்டு சொல்லியிருந்தார். படம் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மற்றத் தற்காலிகக்காரர்களோடு அவரும் வெளியே.

சித்தப்பா படிக்காமல் எதையும் செய்யமாட்டார், அதுதான் வினையாயிற்று. அரச சின்னங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்தார். அதில் ஹவாய் என்ற தீவு அரசின் சின்னத்தை எனக்குக் காட்டினார். நடுவில் கேடயம், மேலே கிரீடம், ஒருபக்கம் ஈட்டிக்காரன், மறுபக்கம் இறகுகள் செருகிய நீண்ட கழியோடு இன்னொருவன்.

“இந்த ராஜ்யமே போயாச்சு மக்களே. சின்னம் மட்டும் கம்பீரமா நிக்கு பாத்தியா?” என்றார். அவருக்கு ‘மக்களே’ என்றால் நான்தான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு விதி இருந்தது. சின்னத்தில் வலது என்பது பார்ப்பவரின் வலது அல்ல. கேடயத்தைப் பிடித்து நிற்பவனின் வலது. சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். வலம்புரி என்றால் சங்கின் வாய் சின்னத்துக்குரிய மகாராஜாவின் வலப்பக்கம் திறக்கவேண்டும் என்று முடிவு செய்தார். நமக்கு அது இடப்பக்கம். யானைகளின் நகம்வரை பார்த்துப் பார்த்து வரைந்து முடித்தார்.

சூப்பிரண்டு படத்தை விரித்ததும் மலையாளத்தில் கேட்டாராம்: “எடோ, இது இடம்பிரியல்லே? நல்லொரு திவசம் அபசகுனம் வரச்சு கொண்டுவந்நிரிக்குன்னோ?”

நல்ல நாளில் இடம்புரிச் சங்கை வரைந்து அபசகுனம் கொண்டுவந்தாயா என்று. சித்தப்பா கேடயத்து விதியை விளக்க, அறையே சிரித்திருக்கிறது. வேறொருவர் வரைந்தது முகப்புக்குப் போயிற்று. சித்தப்பாவை இனி வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

“சங்கைத் திருப்பி வரஞ்சா கை தேஞ்சா போவும்?” என்று அப்பா கத்தினார்.

“படுத்துக் கெடக்க பத்மநாபசாமியை மூணு வாசல் வழியாத்தானே பாக்கோம், அவருக்க வலது கை எந்த வாசல்லண்ணே தெரியுவு? நமக்கு இடது பக்கமுள்ள வாசல்லதானே? அதை இடது கைன்னா சொல்லுதோம்?”

“சாமிக்குத் தெரியும்டே. சூப்பிரண்டுக்குல்லா தெரியணும்!”

சித்தப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றோடு அவருடைய முகச்சவரம் நின்றது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து, இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஜூலை முதல் தேதி எல்லோரும் வேடிக்கை பார்க்கப் பழவங்காடிப் பக்கம் போய்விட்டார்கள். காய்ச்சலென்று என்னை விட்டுப்போனார்கள். சித்தப்பா கூப்பிட்டார்.

“மக்களே, எனக்கு எதிர்ல நில்லு. வலது கையைத் தூக்கு.”

தூக்கினேன். அவரும் தூக்கினார். என் கை ஒருபக்கம், அவர் கை மறுபக்கம்.

“எது வலது?”

“என்னதுதான்,” என்றேன்.

“அப்போ என்னது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு எளிய விஷயம் இவருக்குத் தெரியவில்லையே என்று, ஓடிப்போய் அவர் பக்கத்தில், அவர் பார்த்த திசையையே பார்த்து நின்றுகொண்டேன். இரண்டு கைகளும் ஒரே பக்கம் வந்துவிட்டன.

“இப்போ சரியாயிட்டு சித்தப்பா!”

அவர் என்னைப் பார்த்தார். உதடு கோணியது. தூக்கிய கையை அவர் இறக்கவேயில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று எண்ணி, கை வலிக்க வலிக்க நானும் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.